பச்சை லேசருக்கு அந்த யோசனை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் பக்கத்தில் வாசகர் ஒருவர், தன் லேசர் பாயின்டர் கண்ணைப் பறிக்கிறது, பிள்ளைகள் எடுத்து விளையாடும் இடத்தில் வைக்கவே பயமாக இருக்கிறது, அதன் திறனைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், ஒளி மங்கும், ஆபத்தும் போய்விடும் என்று பதில் தந்திருந்தீர்கள். சிவப்பு பாயின்டருக்கு இது பாதி சரி. பச்சைக்குச் சொல்லவே கூடாத யோசனை. ஒளியியல் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுது பார்த்து, அளந்து வைப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

சிவப்பு பாயின்டருக்குள் இருப்பது ஒரே ஒரு டயோடு. அதில் பிறக்கும் 650 நானோமீட்டர் ஒளி அப்படியே லென்ஸ் வழியாக வெளியே வருகிறது. மின்னோட்டத்தைக் குறைத்தால் ஒளியும் குறையும். ஒரு வரம்புக்குக் கீழே போனால் லேசர் என்பதே நின்று, சாதாரண எல்.இ.டி. போல் மினுங்கும். ஆனால் ஓரளவு தரமான பாயின்டர்களில் டயோடின் முதுகுப் பக்கம் குட்டி ஒளியுணரி ஒன்று உட்கார்ந்துகொண்டு, ஒளி குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டச் சொல்லும். ரெசிஸ்டர் போட்டவர் “குறைத்துவிட்டேன்” என்று நிம்மதியாக இருப்பார். பேட்டரி புதிதாக இருக்கும்வரை சர்க்யூட் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். பாதி சரி என்றேனே, அது இதனால்தான்.

பச்சையின் கதையே வேறு. விலை மலிந்த பச்சை பாயின்டர் பெரும்பாலானவற்றில் பச்சை ஒளி தரும் டயோடு கிடையாது. 808 நானோமீட்டரில் இயங்கும் அகச்சிவப்பு டயோடு ஒன்று, நியோடைமியம் கலந்த வனடேட் படிகத்தைத் தூண்டுகிறது. அதிலிருந்து 1064 நானோமீட்டர் ஒளி வருகிறது, அதுவும் அகச்சிவப்பு. அடுத்திருக்கும் கே.டி.பி. படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வில்லங்கம். பிறக்கும் பச்சையின் அளவு, உள்ளே வரும் 1064-இன் வர்க்கத்தைப் பொறுத்தது. அது பாதியானால் பச்சை கிட்டத்தட்ட கால்வாசியாகும். அதாவது மின்னோட்டத்தைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பச்சை மளமளவென்று விழும். தெரியாத அகச்சிவப்பு அந்த வேகத்தில் விழாது. முனையில் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடித் துண்டு இருந்தால் கவலையில்லை. காசை மிச்சம் பிடிக்க முதலில் கழற்றப்படுவதே அந்தத் துண்டுதான்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அறிக்கையில், பச்சை மங்கலாகத் தெரிந்த ஒரு பாயின்டரிலிருந்து 20 மில்லிவாட்டை நெருங்கும் அகச்சிவப்பு கசிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாலேயே திறனை எடைபோடுகிறவர் பேனா போல் இருக்கும் அந்தப் பாயின்டரைத்தான் “பாதுகாப்பானது” என்று பிள்ளை கையில் கொடுத்திருப்பார்.

1 மில்லிவாட் வரைக்கும் உள்ள லேசரை இரண்டாம் வகுப்பு என்று வைத்திருப்பதற்கு அடிப்படை நம் இமை. கண் கூசினால் கால் விநாடிக்குள் மூடிக்கொள்ளும் அல்லது தலை திரும்பும் என்ற கணக்கு. அகச்சிவப்புக்கு இமை அசையாது. கண்ணின் லென்ஸோ 808-ஐயும் 1064-ஐயும் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், சுடுவதுகூடத் தெரியப்போவதில்லை.

உங்கள் பேனா கசிகிறதா என்று பார்க்க ஒரு பழைய சிடி போதும். வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு, பின்னாலிருந்து அதன் வழியாக ஒளியைச் செலுத்தி, எதிரே சிடியை நேராகப் பிடித்தால், திரும்பி வரும் ஒளி அட்டையில் வரிசையாகப் பச்சைப் புள்ளிகளாக விழும். அதை மொபைலின் முன்பக்கக் கேமராவால் பாருங்கள் (டி.வி. ரிமோட்டின் பல்பு அந்தக் கேமராவில் மின்னுகிறதா என்று முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும், பின்பக்கக் கேமராக்கள் பல அகச்சிவப்பை வடிகட்டிவிடும்). ஓட்டையிலிருந்து எண்ணினால் வரும் முதல் பச்சைப் புள்ளிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், வெறும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு புள்ளி வெளிறிய ஊதாவில் தெரிந்தால் அது 808. 1064-இன் புள்ளியைத் தனியாகத் தேடிப் பயனில்லை. அது 532-இன் சரியான இரட்டிப்பு என்பதால் இரண்டாவது பச்சைப் புள்ளியின் மேலேயே விழுந்து ஒளிந்துகொள்ளும். கண்ணைச் சிடிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டாம். நடுப்புள்ளி அது பாட்டுக்குத் திரும்பி வரும்.

மேலே ஒட்டியிருக்கும் லேபிளை நம்பிக் குறைப்பதும் வீண். அதே நிறுவனம் 2013-இல் 122 பாயின்டர்களைச் சோதித்ததில், பச்சையில் 90 சதவீதத்துக்கு அருகிலும் சிவப்பில் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன. 5 மில்லிவாட் என்று எழுதியிருப்பதைப் பாதியாக்கினேன் என்றால், எதில் பாதி? ஒளியின் திறனை அளக்கும் பவர் மீட்டரில் வைத்துப் பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது. பச்சைக்கு அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒருமுறை, வைத்து ஒருமுறை அளக்க வேண்டும். படிகமும் டயோடும் சூடேற ஏற அளவு ஏறி இறங்குவதால், பட்டனை அழுத்தியதும் தெரியும் முதல் எண்ணைக் குறித்துக்கொண்டு போகக் கூடாது.

பாதியாக்கினால் ஆபத்தும் பாதியாகும் என்ற நினைப்பும் உங்கள் பதிலில் தொனித்தது. ஒளிக்கற்றை போகப் போக அகல்வதால், அபாய தூரம், அதாவது கற்றை நேராகப் பட்டால் கண்ணைக் கெடுக்கக்கூடிய தூரம், திறனின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். கற்றை வழக்கமான அளவில் விரியும் 5 மில்லிவாட் பேனாவுக்கு அது சுமார் 16 மீட்டர். திறனைக் கால்வாசியாக்கினால்தான் 8 மீட்டராகும். விமானி, வண்டி ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும் தூரம் இதைவிடப் பல மடங்கு நீளம்.

ரெசிஸ்டருக்குப் பதில் ஒளியைக் குறைக்கும் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டரை முனையில் பொருத்தலாமே என்பார்கள். மார்க்கரால் கண்ணாடியைக் கருப்பாக்குபவர்களும் உண்டு. கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் பல சாயங்கள் அகச்சிவப்பைத் தாராளமாக விடும். கேமராவுக்கென்று வரும் ஃபில்டர்களிலும் பல அப்படித்தான். அகச்சிவப்புத் தடுப்பை முதலில் வைத்து, அதன் மேல் ஃபில்டர் வைத்து, மீட்டரில் பார்ப்பதென்றால் சரி. அவ்வளவு மெனக்கெடுவதற்கு, 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் சிவப்பு பாயின்டர் ஒன்று வாங்கிக்கொள்வது மேல் என்பேன். பச்சைதான் வேண்டும் என்றால், படிகம் இல்லாமல் 520 நானோமீட்டரை நேரடியாகத் தரும் டயோடு பாயின்டர்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த அகச்சிவப்புத் தொல்லை இல்லை. ஒரே திறனில் 532 பச்சை நம் கண்ணுக்கு 650 சிவப்பைவிட எட்டு மடங்கு பிரகாசம். உண்மையான 1 மில்லிவாட் பச்சையே 5 மில்லிவாட் சிவப்பை விஞ்சித் தெரியும் என்னும்போது, அறைக்குள் திரையைச் சுட்டிக்காட்ட அதற்கு மேல் எதற்கு?

கேள்வி கேட்ட வாசகர் தன் பாயின்டர் என்ன நிறம் என்று எழுதவில்லை. பதில் சொன்னவரும் கேட்கவில்லை. அடுத்த வாரப் பக்கத்தில், ரெசிஸ்டர் யோசனை பச்சை பாயின்டருக்குப் பொருந்தாது என்று ஒரு வரித் திருத்தமாவது வெளியிடுங்கள். அவர் அதற்குள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கியிருந்தால், ரெசிஸ்டர் போட்ட கையோடு சிடி சோதனையையும் செய்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒளியியல் ஆய்வகக் கருவிப் பராமரிப்பாளர்