'ஹியரிங்' என்று எழுதியது தப்பில்லை, ஆசிரியர்களே

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஆங்கில ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் கடிதக் கேள்வியில் நடந்தது உங்களுக்கே தெரியும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று முடித்தவர்களுக்கெல்லாம் அரை மதிப்பெண் போயிற்று. 'டு' வந்தால் வினைச்சொல்லில் 'இங்' சேராது என்று காரணமும் சொன்னீர்கள்.

என் மகளின் தாளில் அந்தச் சொல்லின் கடைசி மூன்று எழுத்தைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறது. அவள் எழுதியதுதான் சரி. அடித்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் பிழை.

'ஐ வாண்ட் டு கோ'வில் வரும் 'டு' வேறு. இங்கே வருவது ப்ரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல். அடுத்து பெயர்ச்சொல்தான் வரும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று எழுதியவர்களுக்கு நீங்களே சரி போட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் வினையை வைப்பதானால் 'இங்' சேர்த்துத்தான் ஆக வேண்டும். 'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் முன்பெல்லாம் நடப்பேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்றால் நடந்து பழகிவிட்டது. அதே வித்தியாசம்தான். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியில் 'லுக் ஃபார்வர்ட்' இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அரை மதிப்பெண் போனால் போகட்டும். இப்போது வீட்டில் எழுதிப் பார்க்கும் கடிதங்களிலும் அவள் 'ஹியர்' என்றே முடிக்கிறாள். ஏன் என்று கேட்டால், "சரி எதுன்னு தெரியும்ப்பா, ஆனா மார்க் போயிடுமே" என்கிறாள். தெரிந்தே தப்பாக எழுதப் பழகுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளுக்காவது எடுத்துச்சொல்ல வீட்டில் ஆள் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நீங்கள் திருத்தியதை நம்பி வேலை விண்ணப்பம் வரைக்கும் அப்படியே எழுதுவார்கள். சந்தேகம் கேட்ட மாணவனிடம் "கைடில் இருக்கிறபடி எழுது" என்று சொல்லப்பட்டதாம். கைடு தப்பாக இருந்தால் திருத்த வேண்டியவர் ஆசிரியர்தானே? கேள்வி கேட்பதையே அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கினால் இலக்கணம் எப்படி வரும்?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கை அதேதான். விடைக்குறிப்பைத் திருத்துங்கள். 'ஹியரிங்' என்று எழுதிய எல்லாருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பித் தாருங்கள். பொதுத்தேர்வுக்கு முன்பே, அதுதான் சரி என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை