குளக்கரை ஆன்டிக்கும் உங்கள் எல்லாருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

மார்ச் மாதம் அப்பா பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத இன்னும் கை வரவில்லை. அதனால் நேராக நன்றிக்கு வந்துவிடுகிறேன்.

மருத்துவமனையில் என்னோடு மாற்றி மாற்றிக் கண்விழித்த அத்தை, சித்தப்பா. மூன்று மாதம் கஞ்சி கொடுத்தனுப்பிய எட்டாவது மாடி மக்சிக், நம் மலாய் அம்மா. வாசல்படிக்குச் சரிவுப்பலகை வரும்வரை அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய பக்கத்து வீட்டு அண்ணனும் அவர் மகனும். விடுப்பு கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காத அலுவலக நண்பர்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதவேண்டிய கடன் இருக்கிறது. ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மடலில் பாதிக்கு மேல் உங்களில் யாரும் பார்த்திராத ஒருவருக்குத்தான் போகப்போகிறது.

நம் சிங்கப்பூரில் லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் இருக்கிறதல்லவா, உடற்குறையுள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து புழங்கும் வளாகம், அங்கே துப்புரவு வேலை பார்க்கும் சீன ஆன்டி அவர். பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். விளக்குமாற்றை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த இடத்துக்கு நான் தயங்கித் தயங்கித்தான் போனேன். பெயரைக் கேட்டதும் அதுவும் ஒரு சிகிச்சை நிலையம் என்றுதான் நினைத்தேன். "சிகிச்சைக்கு இல்லை, சும்மா சுற்றிவிட்டு வாங்க, அவருக்கும் வீடு அலுத்திருக்கும்" என்று பிசியோதெரபிஸ்ட்தான் அனுப்பி வைத்தார். உள்ளே நுழைந்ததும் அப்பா நல்ல கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நாற்காலியை நிறுத்திவிட்டார். அண்ணாந்து கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. அது பழைய புக்கிட் மேரா தொழிற்பயிற்சிக் கழகம். எழுபதுகளில் அப்பா பிட்டர் வேலை, அதாவது இயந்திரம் பொருத்தும் வேலை, கற்றுக்கொண்ட இடம். அந்த வேலையை வைத்துக் கப்பல் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்துத்தான் எங்களை ஆளாக்கினார்.

அந்தப் பழைய புளோக்குகளை இடித்துத் தள்ளாமல், அவற்றையே மாற்றியமைத்திருக்கிறார்கள். வடிவமைத்தது வோஹா கட்டடக்கலை நிறுவனம், நடத்துவது உடற்குறையுள்ளவர்களுக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு. 2015 டிசம்பரில் திறந்தார்கள், 2016இல் அதிபரின் வடிவமைப்பு விருதும் கிடைத்தது. இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சக்கரம் எங்கேயும் முட்டவில்லை. சக்கரத்தோடு வாழ்ந்து பார்த்தவர்களுக்கே அதன் அருமை புரியும். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சாப்பாட்டுக் கடையில் முன்வாசலில் இரண்டு படி என்பதற்காக எங்களைப் பின்பக்கம் சுற்றி வரச் சொன்னார்கள். எண்ணெய் டின்களுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனேன். அப்பா தட்டைத் தொடவில்லை.

இங்கே அப்படித் தனி வாசல், தனி வழி என்று எதுவும் இல்லை. குளத்தை ஒட்டி மரப்பலகைப் பாதை போகிறது. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் அம்மா, கைத்தடித் தாத்தா, உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் பையன், எங்கள் நாற்காலி, எல்லாருக்கும் அதே பாதைதான். உடற்குறையுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பாலர் பள்ளிகூட உள்ளேயே இருக்கிறது. பேரங்காடியில் சக்கர நாற்காலியோடு மாட்டிக்கொள்ளும் தள்ளுவண்டி உண்டு. அலமாரியில் பொடி எழுத்தைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தது. அது அப்பாவைவிட எனக்குத்தான் பயன்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, ஆன்டிக்கு வருகிறேன்.

குளத்து ஓரத்தில் பெரிய கான்கிரீட் குழாய்களையே உட்காரும் இடமாக ஆக்கியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் அப்பாவை நிறுத்திவிட்டு நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்டி இலை கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவைப் பார்த்து, "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று பழைய ஆட்கள் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கும் பசார் மலாய்.

ஐந்து மாதமாக அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் அவர் தலைக்கு மேலே என்னிடம்தான். "அவருக்குக் காரம் ஆகுமா?" "அவர் ராத்திரி தூங்குகிறாரா?" நானும் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். அன்றைக்கும் "ஹி கெனாட் டாக்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆன்டி என் பக்கம் திரும்பவேயில்லை. விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, குழாய்க்குள் உட்கார்ந்து, அப்பா முகத்தைப் பார்த்தபடி இருந்தார். அவசரமில்லை என்பதுபோல. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அப்பா சொன்னார்: "சுடா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா பேசிவிட்டார், அதுவும் சூடாக ஏதோ கேட்கிறார்! ஓடினேன். கோப்பி வாங்கிக்கொண்டு தளும்பத் தளும்ப வந்து நீட்டினால், ஆன்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ஹி டெல் மீ, ஈட் ஆல்ரெடி லா!" சுடா என்றால் ஆச்சு. சாப்பிட்டாச்சு என்று மனிதர் முறையாகப் பதில் சொல்லியிருக்கிறார். நான் அதைத் தமிழில் கேட்டுவிட்டேன். அப்பாவும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது. இருந்தாலும் அது அவருடைய பழைய சிரிப்பு.

ஒரு சின்ன வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு நான் தினமும் அட்டைகளை வைத்துக்கொண்டு "அம்மா சொல்லுங்கப்பா, ஆடு சொல்லுங்கப்பா" என்று அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இத்தனை மாதம் நான் கேட்டு வராத சொல், யாரோ ஒருத்தர் மலாயில் கேட்டதும் வந்துவிட்டதே என்று அன்றிரவு கொஞ்சம் அழுதேன். பல மொழி பேசியவர்களுக்குப் பேச்சு திரும்பும்போது தாய்மொழிதான் முதலில் வரும் என்று விதி ஒன்றும் இல்லை என்று பேச்சு சிகிச்சையாளர் பிறகு விளக்கினார். யோசித்துப் பார்த்தால் சரிதான். கப்பல் பட்டறையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் நடுவில் அப்பா சிரித்தது, சண்டை போட்டது, சாப்பாடு பகிர்ந்தது எல்லாம் அந்த மொழியில்தான். ஆடு என்ற சொல்லை அவர் கடைசியாக எப்போது பேசினாரோ!

இப்போது சனிக்கிழமை தோறும் பத்து மணிக்கு, ஆன்டியின் தேநீர் இடைவேளையில், இருவரும் குளத்து மீனை எண்ணுகிறார்கள். சத்து, டுவா, தீகா. மீன் ஒரு இடத்தில் நிற்காததால் கணக்கு ஒருநாளும் சேருவதில்லை. போன வாரம் அப்பா ஆன்டியைப் பார்த்து "சாலா", தப்பு, என்றார். நான் பக்கத்தில் இருந்து "நாலு சொல்லுங்கப்பா, நாலு" என்று எடுத்துக் கொடுத்தேன். "சும்மா இரு" என்றார். இத்தனை மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் தமிழ் அதுதான். வைத்துக்கொண்டேன்.

ஆன்டி, இதை உங்கள் பேரப்பிள்ளை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லட்டும். உங்கள் பத்து நிமிட ஓய்வைக் கொடுத்தீர்கள். அப்பா பேசும்வரை பேசாமல் இருந்தீர்கள். மகளாக இருந்தும் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அந்தக் குழாயை அந்த உயரத்தில் வைக்க நினைத்தவருக்கும் நன்றி. அதில் நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் கண்ணும் அப்பா கண்ணும் நேருக்கு நேர் இருக்கின்றன. அது வெறும் சிகிச்சை நிலையமாக இருந்திருந்தால் நீங்கள் தரையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பீர்கள், நாங்கள் வரிசை எண்ணுக்காகக் காத்திருந்திருப்போம்.

அப்புறம், நம் புளோக்கின் கீழே கோப்பிக் கடைக்கு முன்னால் இருக்கும் அந்த ஒற்றைப் படி. இருபது வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. சரிவுப்பாதை கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் கையெழுத்துக்கு வீடு வீடாக வருவேன், கதவைத் திறங்கள்.

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் சனிக்கிழமை குளத்துக்கே வாருங்கள். அவரிடமே பேசுங்கள், பதில் வரத் தாமதமாகும், பரவாயில்லை. கோப்பி வேண்டுமா என்று கேட்டு அவர் "சுடா" என்றால் ஓடாதீர்கள். குடித்துவிட்டார் என்று அர்த்தம்.