ஒரே காம்பராவில் இரண்டு இனம்: எங்கள் தோட்டப் பிரிவின் இன விபரத்தை வீடு வீடாகக் கேட்டுப் பதியக் கோரும் மனு

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
நுவரெலியா மாவட்டம்.

அனுப்புநர்:
தோட்டக் கீழ்ப்பிரிவுக் குடியிருப்பாளர்கள்.

பொருள்: கிராம உத்தியோகத்தர் பிரிவின் இன விபர அட்டவணையில் எங்கள் பிரிவு மக்கள் பற்றிய பதிவைச் சீர்செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மேட்டு லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் (அறை வீட்டில்) ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் "இலங்கைத் தமிழர்". இளையவளின் சான்றிதழில் அதே தந்தையின் இனம் "இந்தியத் தமிழர்". மனிதர் இடையில் எந்த ஊருக்கும் போகவில்லை. அதே மலையில் அதே கவ்வாத்துக் கத்தியோடுதான் நின்றிருக்கிறார். பதிந்த உத்தியோகத்தர்தான் மாறியிருக்கிறார்.

மூத்தவள் படித்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது இந்த வித்தியாசத்தைக் காட்டி விளக்கம் கேட்டார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி வாங்கவும், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் தகப்பன் இரண்டு முறை டவுனுக்குப் போய் வந்தார். செக்றோலில் (நாட்கூலிப் பதிவேட்டில்) அந்த இரண்டு நாளும் அவருக்குப் பெயர் விழவில்லை. கடைசியில் காரியம் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் "நீங்கள் உண்மையில் யார்?" என்று தன் மகள் முன்னால் ஒருவர் கேட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இம்மனுவை எழுதும் நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தக் குடும்பத்தின் கதையைக் கேட்ட பிறகு கோவில் கமிட்டியாரும் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து, அவரவர் வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று. கணவனும் மனைவியும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், பத்திரத்தில் வேறு வேறு இனத்தவர்.

கிராம உத்தியோகத்தர் காரியாலயச் சுவரில் தொங்கும் அட்டவணையில் எங்கள் பிரிவு முழுவதும் ஒரே கட்டத்தில் ஒரே இலக்கமாக அடங்கியிருக்கிறது. அது எப்படி வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். விபரம் எடுக்க வந்தவர் மழையில் கீழேயே கடையில் உட்கார்ந்துவிட்டார். லயத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டு, தலைகளை எண்ணச் சொல்லி, இனம் என்ற இடத்தில் முதல் வீட்டுக்கு எழுதியதையே கடைசி வீடு வரைக்கும் எழுதிக்கொண்டு போனார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. எங்கள் படிகளில் ஏறி இறங்குவது இலேசான காரியம் அல்ல. ஆனால் அந்த இலக்கம் நாங்கள் சொன்ன இலக்கம் அல்ல, ஐயா.

சுவர் அட்டவணையில் ஒரு சொல் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று தாங்கள் கேட்கலாம். இந்தக் கட்டங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தமிழரை இரண்டாகப் பிரித்து எண்ணியது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான். அப்போது இரு பகுதியிலும் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இரண்டாவது கட்டத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கை, இந்தியா இரண்டினதும் பிரதமர்கள் உட்கார்ந்து 975,000 பேரைப் பங்கிட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் லயத்திலிருந்து கப்பலேறிய குடும்பங்களின் காம்பராக்களை இன்றும் அவர்களுடைய பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறோம். நாடற்ற நிலை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட சொல்லுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று பட்டுத் தெரிந்தவர்கள் நாங்கள்.

1971இல் இந்தியத் தமிழர் 1,174,606 பேர் என்று எண்ணப்பட்டது. 1981இல் அது 818,656 ஆகியது. 2012இல் 839,504. அந்த முப்பத்தொரு ஆண்டில் நாட்டின் சனத்தொகை ஒரு கோடியே 48 லட்சத்திலிருந்து இரண்டு கோடியே 3 லட்சத்துக்கு ஏறியது. எங்கள் கணக்கு மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. இந்தியா போனவர்கள் உண்டு. கலவரங்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் உண்டு. இவற்றோடு, இருந்த இடத்தில் இருந்துகொண்டே பத்திரத்தில் மட்டும் "இலங்கைத் தமிழர்" ஆனவர்களும் உண்டு. சிலர் விரும்பி மாறினார்கள். சிலர் அச்சத்தில் மாறினார்கள். சிலரை யாரும் கேட்கவே இல்லை. எங்கள் மனு இந்த மூன்றாவது வகையினருக்காக.

சட்டத்திலும் இதற்குக் காரணம் இருக்கிறது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, ஒரு பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் என்ன விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே இருமொழி நிருவாகத்துக்கு இடம் தருகிறது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. பாதைக்கோ குடிநீருக்கோ முன்மொழிவு எழுதும்போது முதலில் கேட்பது எத்தனை பேர், யார் யார் என்பதைத்தான். எந்தத் தமிழர் என்று எழுதினாலும் மொழி தமிழ்தானே என்று ஒருவர் வாதிடலாம். மொழிக் கணக்குக்கு அது சரி. தோட்ட மக்களுக்கென்று வீடோ காணியோ ஒதுக்கும் நாளில் அது போதாது.

அந்த ஒற்றை இலக்கத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பாட்டன் ஊரைச் சொல்பவர்கள் பெரும்பான்மை. கீழ் லயத்தில் இரண்டு வீட்டில் கிழவிகள் மட்டும் தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதில் திட்டுகிற சொற்கள் மட்டும் தெரியும். சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம் என் பாடசாலைக் காலத்துக்கு முந்தியது. பங்களாவில் வேலை செய்த சிங்களவர் ஒருவர் எங்கள் பெண்ணை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பிள்ளைகள் விகாரைக்கும் போவார்கள், மாரியம்மன் திருவிழாவில் காவடியும் எடுப்பார்கள். சுவரில் இருக்கும் அட்டவணையில் அந்தப் பிள்ளைகளும் இல்லை, கடைக்காரரும் இல்லை. முதல் வீட்டுக்காரர் என்னவோ, அதுவே அனைவரும்.

எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை. இளையவர்கள் "மலையகத் தமிழர்" என்றே எழுதவேண்டும் என்கிறார்கள். எங்கள் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபயணத்துக்குப் பிறகு அந்தக் குரல் உறுதியாகியிருக்கிறது. வயதானவர்களில் சிலர் "இந்தியத் தமிழர்" என்பதில் குறை காணவில்லை. அந்தப் பெயரில்தான் தங்கள் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்தது என்கிறார்கள். "இந்த மண்ணில் பிறந்தேன், இலங்கைத் தமிழன்" என்று சொல்பவரும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். மூவரும் இம்மனுவில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு சொல்லை எல்லோர்மீதும் எழுதிவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது, அடுத்த முறை பிரிவு விபரம் புதுப்பிக்கும்போது உத்தியோகத்தர் ஒவ்வொரு காம்பராவுக்கும் வந்து, வயது வந்த ஒவ்வொருவரிடமும் இனம் என்ன என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதவேண்டும் என்பதே. பெற்றோர் வேறு வேறு இனத்தவரான வீட்டில் பிள்ளையின் இனத்தை உத்தியோகத்தர் தீர்மானிக்கக்கூடாது. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, அதன் பிறகே ஒப்பம் வாங்கவேண்டும். "மலையகத் தமிழர்" என்று சொல்பவருடைய சொல்லை, அச்சிட்ட படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும், குறிப்பு நிரலிலாவது பதியவேண்டும். தோட்டங்களை ஒரே கட்டத்தில் சேர்க்காமல், பிரிவுவாரியாகப் பிரித்து அட்டவணையை மும்மொழியிலும் தொங்கவிட வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ்களில் உள்ள முரண்கள் தங்கள் நேரடி அதிகாரத்துக்குள் வராது என்பது தெரியும். ஆனால் மேலதிக மாவட்டப் பதிவாளர் ஒரு நாள் நடமாடும் சேவையில் இங்கே வரத் தாங்கள் ஒழுங்கு செய்தால், திருத்த விரும்புவோர் கூலியை இழக்காமல் விண்ணப்பிக்க முடியும். மேட்டு லயத்துத் தகப்பனுக்கு இதுவே முதல் கோரிக்கை. இளையவளும் அடுத்த ஆண்டு பாடசாலையை முடிக்கிறாள்.

வீடுவாரியாக நாங்களே கேட்டு எழுதிய பட்டியலையும், விரும்பிக் கொடுத்தவர்களின் சான்றிதழ்ப் பிரதிகளையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். எங்கள் பட்டியலை அப்படியே ஏற்கவேண்டாம். உத்தியோகத்தர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து எடுப்பு இல்லாததால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். முதல் நாள் தோட்டத் தலைவருக்குச் சொல்லி அனுப்பினால், சந்தியிலிருந்து படி காட்டி அழைத்துவர இரண்டு பிள்ளைகளைக் குடையோடு நிறுத்தி வைக்கிறோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்ப்பிரிவுக் குடியிருப்பாளர்கள்
(ஒப்பங்கள் தனித்தாளில்)