இருட்டறை மஞ்சள்

தேவிபட்டினம்
மாசி மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. உன் மகள் கும்பகோணத்தில் நாம் படித்த கவின்கலைக் கல்லூரியிலேயே சேர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். சேரட்டும், தடுக்காதே.

முளைப்பாரி ஓவியம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். முடிந்துவிட்டது. ஆனால் நான் உன்னிடம் சொன்ன படம் இல்லை.

நான் வரைய நினைத்தது ஊர்வலத்தை. ஆடியில் எங்கள் தெருப் பெண்கள் தலையில் பாரியைச் சுமந்து வரிசையாகக் கடலுக்குப் போவதை. அந்த மாதத்தில் தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். எங்கள் வடகடலான பாக் நீரிணை குளம் போலக் கிடக்கும். அந்த அமைதியான தண்ணீரில் முளைகளைக் கரைப்பதைப் பெரிதாகத் தீட்டிவிடலாம் என்று மூன்று கோட்டுப்படம் போட்டேன். மூன்றும் காலண்டர் படம் மாதிரி வந்தன. எதிலும் அப்பத்தா இல்லை. யோசித்துப் பார்த்தால், அப்பத்தாவை ஊர்வலத்தில் பார்த்த ஞாபகமே எனக்கு அதிகம் இல்லை. அவர் இருந்ததெல்லாம் பின்கட்டு அறையில்தான்.

அந்த அறை உனக்குத் தெரியும், லீவுக்கு வந்தபோது நெல் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தோமே, அதுதான். காப்புக் கட்டி முத்து, அதாவது விதை, போட்ட அன்றைக்கே அதை அடைத்துவிடுவார்கள். உடைந்த பானையின் அடிப்பாகத்தில் கரம்பை மண், ஆட்டுப்புழுக்கைத் தூள், வைக்கோல். அதன்மேல் ஊறவைத்த தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கம்பு, சோளம். ஒரே ஒரு விளக்கு. தண்ணீர் தெளிக்கிறவரைத் தவிர யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ராத்திரியில் மற்ற பெண்கள் முளைக்கொட்டுத் திண்ணையில் கும்மி கொட்டும்போது, அப்பத்தா உள்ளே பாரிகளோடு இருப்பார். தண்ணீரும் குழாய்த் தண்ணீர் ஆகாது. கிணறெல்லாம் உப்பு என்பதால் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்புவார். இப்போது காவிரித் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வருகிறது. அத்தை மட்டும் முளைப்பாரிக்கென்று இன்னும் ஊற்றுக்குத்தான் போகிறார்.

போன ஆடியில் அத்தையிடம், நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். "விரதம் இருந்தா வா. செல்போன் வெளியே இருக்கட்டும்" என்றார். அதனால் போட்டோ ஒன்றும் கிடையாது. தினமும் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, திண்ணைக்கு வந்து நினைவிலிருந்து வரைவேன். இரண்டாம் நாளில் மண் மட்டும்தான் தெரிந்தது. நாலாம் நாளில் வெள்ளைக் கொக்கிகள். ஒன்பதாம் நாள் ஒரு முழ உயரத்துக்கு நின்றன. வெயில் படாததால் பச்சை பிடிக்கவில்லை. தண்டு வெள்ளை, இலை வெளிர் மஞ்சள். வெளிச்சத்தைத் தேடித்தான் அவ்வளவு உயரம் வளர்கிறது, பாவம். வெளியே கொண்டுவந்து ஒரு பகல் போனாலே நுனியில் பச்சை தட்டிவிடும். அந்த மஞ்சளைப் பார்க்கிறவர் வளர்த்தவர் மட்டும்தான். இது எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. அப்பத்தா வாழ்நாள் முழுக்கப் பார்த்த நிறம் அது. அதைத்தான் தீட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மூன்றடிக்கு இரண்டடி கித்தான். நாம் ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு அந்தச் சிவப்பைப் பற்றியே பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டு வந்தோமே, அதை நினைத்து அடிப்பூச்சுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போட்டேன். இருட்டுக்குக் கறுப்பு ட்யூபைத் தொடவே இல்லை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்த இருட்டுதான். அம்பர் சேர்ந்தால் சீக்கிரம் காய்ந்தும்விடுகிறது. கீழ்ப்பூச்சுகளுக்கு டர்பன்டைன், மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய். முளைகளுக்கு டைட்டானியம் வெள்ளையில் லெமன் எல்லோ ஒரு துளி, நிழல் பக்கம் மண் மஞ்சளான எல்லோ ஓக்கர். முதலில் விளக்கை நடுவில் வைத்திருந்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "விளக்கு ஈசான மூலையில்ல இருக்கும்?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஒரு வாரம் உட்கார்ந்து நிழல்களை எல்லாம் மாற்றினேன். ஓரத்தில் ஒரு கையும் கொட்டாங்கச்சியும் மட்டும் தெரியும். முகம் வைக்கவில்லை. அந்த மணிக்கட்டே போதும் என்று தோன்றியது, உனக்கு எப்படிப் படுகிறதோ.

அப்புறம் ஒரு சோதனை. ஐப்பசி மழை பிடித்ததும், ஈரமும் சாரலும் படக் கூடாதென்று துணியால் போர்த்தி அதே பின்கட்டு அறையில் வைத்துவிட்டேன். தை பிறந்து எடுத்துப் பார்த்தால் வெள்ளையெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. தண்டுகள் வைக்கோல் நிறத்தில் இருந்தன. மூன்று மாத உழைப்பு போயிற்றே என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள்தான் வகுப்பில் சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது: ஆளிவிதை எண்ணெய் இருட்டில் இருந்தால் மஞ்சளிக்கும், வெளிச்சம் பட்டால் தெளியும். கிழக்குத் திண்ணையில், நேர் வெயில் விழாத இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். மூன்று வாரத்தில் வெள்ளை திரும்பிவிட்டது. தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். பாரி அறைக் கதவைத் திறக்கும்போது அப்பத்தாவுக்கும் இப்படித்தான் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைப்பேன்.

வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை. எண்ணெய் உள்வரை காயட்டும், ஆடிக்குள் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் நீ ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். கொட்டாங்கச்சி விளிம்பில் விழுகிற ஒளி கொஞ்சம் அதிகமோ என்று ஒரு சந்தேகம். உன் கண்ணை நம்பித்தான் அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

சித்திரையில் லீவு கிடைக்குமா? ராமநாதபுரத்தில் இறங்கினால் நான் வந்து கூட்டிப்போகிறேன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தையும் நீ இன்னும் பார்க்கவில்லை, ஒரு நாள் ரயிலில் ராமேஸ்வரம் போய்வரலாம். மகளையும் அழைத்து வா. வரும்போது சேஃப்ளவர் (குசும்பா) எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை. அது ஆளிவிதை அளவுக்கு மஞ்சளிக்காதாம். அடுத்த படத்துக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி