கேசட் நின்ற இடத்திலிருந்து பாடிய ஆச்சிக்கும், அந்த ராத்திரி எங்களோடு விழித்திருந்தவர்களுக்கும்

அன்புள்ள ஆச்சிக்கும், குடம் அடிக்கும் அண்ணனுக்கும், கோயில் கமிட்டிக்காரர்களுக்கும், மைக் செட் தம்பிக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், வண்டி ஓட்டி வந்த அண்ணாச்சிக்கும்,

வணக்கம். கோயில் கொடைவிழா முடிந்து பத்து நாளாகிறது. விடியற்காலையில் அம்மாவை வண்டியில் ஏற்றுகிற அவசரத்தில் உங்களில் பாதிப்பேரிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல். "பேரெல்லாம் எதுக்கு தாயி, பட்டவராயன் பேரைப் போடு, போதும்" என்று ஆச்சி சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. ஆச்சி பாடின கதையின் முத்துப்பட்டன்தான் சாமியானபிறகு பட்டவராயன். படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அந்தக் கேசட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

1989-ல் அப்பா ஒரு கொடைக்குப் போய்விட்டு வரும்போது கேசட் ஒன்று வாங்கி வந்தார். அங்கே ஒரு பெண் பாடின வில்லுப்பாட்டை மைக் செட்காரர் பதிவு பண்ணி, பிரதி எடுத்துக் கொடுத்தது. அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். முத்துப்பட்டன் கதையோ ராத்திரி முழுக்கப் பாடினாலும் மிச்சமிருக்கும் கதை. அதில் ஒரு மணி நேரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. பிராமணப் பிள்ளையான முத்துப்பட்டன் காட்டில் பொம்மக்காவையும் திம்மக்காவையும் பார்க்கிற இடத்தில் தொடங்கும். பெண்களின் அப்பா வாலப்பகடை, தோல் தொழில் செய்கிறவர். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைத்துக் காட்டினால் பெண் தருகிறேன் என்கிறார். பட்டன் தைக்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்று ராத்திரியே, மாட்டுக்கிடையைக் கள்ளர்கள் வளைத்துவிட்டார்கள் என்று சேதி வருகிறது. பட்டன் எழுந்திருக்கிறான். அவ்வளவுதான். டக்கென்று நாடா முடிந்துவிடும்.

அப்பா இருந்தவரைக்கும், அவர் போன பிறகும், எங்கள் வீட்டில் பட்டன் அந்த இடத்திலேயே எழுந்து நின்றுகொண்டிருந்தான். கல்லூரிக்குப் போனபிறகு பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை நூலகத்தில் எடுத்து, முடிவு வரை வாசித்தேன். ஓடிவந்து அம்மாவிடம் சொல்லப் போனால் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "நீ சொன்னா அது கதை. அந்தப் பொம்பள பாடினாத்தான் எனக்குப் பட்டன்" என்றாள். அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இனி நன்றிக்கு வருகிறேன்.

குடம் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. ஆச்சி இன்னும் பாடுகிறார் என்பதே உங்கள் மூலமாகத்தான் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி போன் பண்ணி, முப்பது வருஷத்துக்கு முந்தின கேசட், அதில் ஒரு குரல் என்று சொன்னால் யாராக இருந்தாலும் வைத்துவிடுவார்கள். நீங்கள் நான்கு வரி கேட்டுவிட்டு, "அது எங்க ஆச்சிதான், அந்தக் குடம் எங்க அப்பா" என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆச்சிக்கு எண்பது ஆகிறது, ராத்திரி முழுக்க உட்கார முடியவில்லை, மகளும் பேத்தியும் முன்கதையெல்லாம் பாடுவார்கள், சாமத்துக்குப் பிறகு பட்டன் கதையை மட்டும் ஆச்சி எடுப்பார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். ஆடியில் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கொடை ஒன்று இருக்கிறது, அங்கே பட்டவராயனுக்குப் பீடம் உண்டு, கதை கட்டாயம் என்று நாளைச் சொன்னதும் நீங்கள்தான். இதெல்லாம் சுவரொட்டியில் வருகிற சேதி இல்லையே.

கமிட்டிக்காரர்களே, அம்மாவுக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலி என்று நான் சொன்னபோது "கூட்டிட்டு வாங்க, பாத்துக்கிடலாம்" என்றீர்கள். வழக்கமாக எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே என்று நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால் வாய்க்காலுக்கு மேலே பலகை போட்டு, அது ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் அண்டக் கொடுத்து வைத்திருந்தீர்கள். கோயில் முன்னால் மணல் என்பதால் சக்கரம் புதைந்தது. நான்கு பையன்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். முன்னால் பிடித்திருந்த பையன் திரும்பித் திரும்பி, "ஆச்சி, பயப்படாதிய, கீழ வுட மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். வில்லுக்கு நேர் எதிரே, பெண்கள் உட்கார்ந்த வரிசையின் ஓரத்தில் இடம். அதைவிட நல்ல இடம் அந்தப் பந்தலில் கிடையாது.

மைக் செட் தம்பி, உனக்கு ஒரு தனி நன்றி. அம்மா காது மெஷின் வைத்திருக்கிறாள். குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்ததால் மெஷின் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அம்மா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிட்டதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நீயாகவே பார்த்திருக்கிறாய். கம்பத்தில் ஏறி அந்தக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டினாய். இறங்கி வந்து பெட்டியின் சத்தத்தையும் குறைத்துவிட்டு, "இப்ப மாட்டிப் பாக்கச் சொல்லுங்கக்கா" என்றாய். கேட்டது. குடத்தின் வாயில் பத்தை விழுகிற தொம் என்ற சத்தமும், வில்லில் கட்டின மணிகள் சிலும்புகிற சத்தமும் தனித்தனியாகக் கேட்டன என்று அம்மா சொன்னாள். கேசட்டில் இந்த இரண்டும் கலந்து ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும்.

எதிர்வீட்டு அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க வெளியே இருப்பதில் உள்ள பெரிய கஷ்டம் என்னவென்று பெண்களுக்குத் தெரியும். பாத்ரூமுக்குப் பயந்தே அம்மா மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நீங்கள் எங்களைப் பார்த்த கொஞ்ச நேரத்திலேயே வந்து, "கதவு தெறந்துதான் கெடக்கு, எப்பம்னாலும் வாங்க" என்று அம்மாவின் காதில் சொன்னீர்கள். மூன்று தடவை வந்தோம். மூன்றாவது தடவை மணி இரண்டரை. வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நீங்களே உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் அம்மா ஒரு செம்பு தண்ணீர் முழுசாகக் குடித்தாள்.

ஆச்சியைப் பற்றி இனிமேல்தான் எழுதப் போகிறேன். எழுத எழுதக் கை தயங்குகிறது.

வில்லுப்பாட்டு என்றால் பலருக்கு ஞாபகம் வருவது மேடையும் வானொலியும்தான். கலைவாணர் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். சுப்பு ஆறுமுகம் ஐயா 2022-ல் மறைகிற வரைக்கும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ஆனால் கோயில் வில்லுக்கு வேறொரு வேலை இருக்கிறது. சாமியின் கதையைச் சாமிக்கே பாடிக் கேட்கவைத்து, அந்த இடத்துக்கு வரவழைக்க வேண்டும். கதையின் உச்சத்தில், சாமியை அழைக்கிற வரத்துப் பாடும்போது, சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரவேண்டும். கைதட்டலுக்காகப் பாடுகிறவர் அங்கே உட்கார முடியாது.

சாமம் கழிந்து ஆச்சி வில்லுக்கு வந்தார். பேத்தி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வலது மணிக்கட்டில் ஒரு பழைய துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். வில்லின் நாணை அடிக்கிற வீசுகோலை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். முதல் அடி மெதுவாகத்தான் விழுந்தது. குரல் கரகரத்தது, மேலே போகும்போது நூல் மாதிரி இழைந்து, அறுந்துவிடுமோ என்று இருந்தது. கேசட்டில் இருந்த குரல் அது இல்லை. எனக்கு ஒரு நிமிடம் மனசு தளர்ந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ஆச்சி அந்தக் குரலோடு மல்லுக்கு நிற்கவில்லை. எட்டாத இடத்தைப் பேத்தியிடம் விட்டார். பேத்தி மேலே எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆச்சி பேச்சாகச் சொன்ன இடங்களில் "ஆமா" போட்டது குடம் அண்ணன். செருப்புத் தைக்கிற இடத்தில் ஆச்சி பாட்டை நிறுத்திவிட்டு, ஊசி வாங்கி இழுப்பதுபோல வீசுகோலைத் தோளுக்கு மேலே இழுத்தார். மூன்றே இழுப்புதான். பந்தலில் சின்னப் பிள்ளைகள்கூட அசையவில்லை.

குடம் அண்ணன் கேசட் விஷயத்தை ஆச்சியிடம் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. கல்யாண ராத்திரி வந்தது. கிடையை வளைத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. பட்டன் எழுந்தான். ஆச்சி இரண்டு வீசுகோலையும் வில்லின்மேல் அப்படியே அமர்த்தி நாணின் சத்தத்தை நிறுத்திவிட்டு, நேரே அம்மாவைப் பார்த்தார்.

"கேசட்டு இங்கனதான நின்னுச்சு?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"சரி, இனிமே கேளு."

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் ஆச்சி பேத்தியிடம் ஒரு வரிகூட விடவில்லை. பட்டன் கள்ளர்களை விரட்டினான். மறைந்திருந்த ஒருத்தன் கையால் குத்துப்பட்டான். பொம்மக்காவும் திம்மக்காவும் காட்டுக்குள் தேடி வந்தார்கள். அவர்கள் அழுத இடத்தில் அது ஒப்பாரியா வில்லுப்பாட்டா என்று பிரிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வரத்து தொடங்கியதும் கோமரத்தாடி எழுந்துவிட்டார், பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குலவையில் எனக்கு மிகவும் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குலவையும் வந்தது. அம்மா. அப்பா போனபிறகு எந்த விசேஷத்திலும் அவள் குலவை போட்டு நான் கேட்டதில்லை.

கதை முடிந்ததும் ஆச்சி ஒரு பேச்சும் பேசவில்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தார், மணிக்கட்டுத் துணியை அவிழ்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். அம்மா கிட்டே போகவேண்டும் என்றாள். தள்ளிக்கொண்டு போனேன். இரண்டுபேரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருந்தார்கள். அப்புறம் அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் வாங்கி வந்த கேசட் என்று மட்டும் சொன்னாள். "அவிய கேட்டிருப்பாவ" என்றார் ஆச்சி.

வண்டி அண்ணாச்சி, அந்த ராத்திரி முழுக்க நீங்கள் தூங்காமல் பந்தல் ஓரத்தில் நின்று கேட்டதை நான் பார்த்தேன். திரும்பும் வழியில் அம்மா சொரிமுத்தையனார் கோயில் செருப்பைப் பற்றிக் கேட்டாள். பாபநாசத்துக்கு மேலே, காரையார் பக்கத்தில் இருக்கிற அந்தக் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்து கட்டுவதையும், கட்டின செருப்பு போட்டு நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்று சனங்கள் சொல்வதையும் நீங்கள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் அம்மாவுக்குக் கேட்கும்படி திரும்பித் திரும்பிச் சொன்னீர்கள். ஒரு ஜோடி தைக்கக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். தைத்து வந்ததும் உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்.

எதிர்வீட்டு அக்கா நேற்று கூப்பிட்டு, அம்மாவின் சால்வை அவர்கள் வீட்டுக் கொடியிலேயே கிடக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். அம்மாவிடம் கேட்டேன். அங்கேயே இருக்கட்டும், அடுத்த கொடைக்கு ராத்திரி குளிருமே என்றாள்.

அன்புடன்,
அம்மாவும் நானும்