காலிக் கட்டத்தில் பக்கத்து வீட்டு எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி மலேசியாவின் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய இ-இன்வாய்ஸ் (வருமான வாரியத்துக்கு மின்வழியில் அனுப்பும் விற்பனைச் சீட்டு), கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங் கடைகள் வரை பேச்சாகிவிட்டது. கட்டாயம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாரும் புது மென்பொருள் வாங்குகிறார்கள். நான் 28 வருடம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது ஓர் உரக்கடையில் வாரத்துக்கு நாலு நாள் கணக்கு எழுதுகிறேன். அங்கே நடந்ததைச் சொன்னால் மற்ற கடைக்காரர்களுக்கு உதவும் என்றுதான் இக்கடிதம்.

எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் எக்ஸெல் கோப்பில் இருந்தது. தோட்டவாரியாக, வீட்டு வரிசைப்படி நானே எழுதி வைத்தது. மென்பொருள் விற்ற ஏஜெண்டு பையன் ஒரு மடிக்கணினியோடு வந்தான். கோப்பை ஏற்றினால் சிவப்பாக ஒரு எச்சரிக்கை: கைப்பேசி எண் கட்டாயம், 61 வரிசைகளில் இல்லை. "ஒண்ணும் இல்ல அங்கிள், ரெண்டு நிமிஷம்" என்றான். ஏதோ இரண்டு பொத்தானைத் தட்டினான். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. நானும் டீ ஆற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அவன் செய்தது இதுதான். காலியாக இருந்த கட்டத்தில் எல்லாம் மேல் கட்டத்தில் இருந்த எண்ணை இழுத்து நிரப்பிவிட்டான். பட்டியல் வீட்டு வரிசைப்படி இருந்ததல்லவா? மேல் கட்டம் என்றால் பக்கத்து வீடு.

மாதக் கடைசியில் மென்பொருள் தானாகவே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் பாக்கிக் கணக்கு அனுப்பியது. தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்த ஒருவர், எழுபதைத் தாண்டியவர், 1,140 ரிங்கிட் கடன் வைத்திருந்தார். அது அவர் பெயரோடு, தொகையோடு, பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியில் போய் விழுந்தது. மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். "கிராணியாரே, முப்பது வருஷமா உங்க கையால சம்பளம் வாங்கினவன் நான். என் கடனுக்கு நீங்களே தண்டோரா போட்டுட்டீங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அவர் கட்டம் ஏன் காலியாக இருந்தது? அவரிடம் கைப்பேசியே கிடையாது. மற்ற 60 பேரில் சிலர் எண்ணைக் கொடுக்க விரும்பாதவர்கள், சிலர் எண் மாற்றியவர்கள், சிலரிடம் நான் கேட்கவே மறந்தது. இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு, கேட்கவில்லை என்பது வேறு. கணினிக்கு மூன்றும் ஒரே வெள்ளைக் கட்டம்.

தோட்டத்தில் எங்கள் பெரிய கிராணி செக்ரோலில் (தினசரி வேலைப் பதிவேட்டில்) ஒரு கட்டத்தையும் வெறுமனே விட விடமாட்டார். மழை நாளுக்கு 'ம', வராதவருக்குக் கோடு, மருத்துவ விடுப்புக்கு வட்டம், லாரி வராமல் செம்பனைக் குலை எடை போடாத நாளுக்குக் கேள்விக்குறி. அப்போது அது எங்களுக்குக் கெடுபிடியாகத் தெரிந்தது. ஒருவர் நாலு நாள் தலா 1,500 கிலோ குலை வெட்டுகிறார், ஐந்தாம் நாள் மழை என்று வையுங்கள். மழை நாளைக் காலியாக விட்டால் எக்ஸெல் சராசரி 1,500 என்று சொல்லும். அங்கே ஒரு பூஜ்யத்தைப் போட்டால் 1,200. மழை பெய்த பாவத்துக்கு வெட்டினவர் சோம்பேறி ஆகிவிடுவார்.

பூஜ்யத்தின் சேட்டை கடையிலும் நடந்தது. முள்கம்பிக்கு விலை கோப்பில் எழுதியிருக்கவில்லை, அது முதலாளி வாய்வழியாகச் சொல்லும் விலை. மென்பொருள் அதை 0.00 என்று எடுத்துக்கொண்டது. கல்லாவில் இருந்த பெண் புதுசு. மூன்று சுருள் முள்கம்பி இலவசமாகப் போன பிறகுதான் கண்டுபிடித்தோம். கணக்குத் தொடங்கிய தேதி இல்லாதவர்களுக்கு 1900 ஜனவரி 1 என்று வந்திருந்தது. அந்த வருடம் என் தாத்தாவே நாகப்பட்டினத்தில் கப்பலேறவில்லை!

இன்னொன்று, நாம் ஒழுங்காக எழுதியதையும் வழியில் தின்றுவிடும். எங்கள் அஞ்சல் குறியீடு 08100. எக்ஸெல் அதை எண் என்று நினைத்து 8100 ஆக்கிவிடும். அஞ்சல் குறியீடு பூஜ்யத்தில் தொடங்கும் கெடா, பெர்லிஸ் மாநிலக்காரர்களுக்கு இது தலையெழுத்து. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் பூஜ்யத்தில்தான் தொடங்கும். 12 இலக்கத்தில் முன் பூஜ்யம் போனால் அது யார் எண்ணோ. தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இதை எனக்குச் சொன்னது ஏஜெண்டு அல்ல, இடைநிலைப்பள்ளி படிக்கும் என் பேத்தி.

மென்பொருள் விற்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஏற்றுவதற்கு முன்னால் எந்தெந்த வரிசையில் எது காலி என்று ஒரு தாளில் அச்சடித்துக் கடைக்காரர் கையில் கொடுங்கள். எதை நிரப்புவது, எதைக் காலியாகவே விடுவது என்று அவர் சொல்லட்டும். கட்டாயக் கட்டம் என்று பயமுறுத்தாதீர்கள். உள்நாட்டு வருமான வாரியமே, பொதுமக்களுக்கான ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸில் (பல சில்லறை விற்பனைகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்புவது) வாங்குபவரின் முகவரிக்கும் தொடர்பு எண்ணுக்கும் 'என்.ஏ.' (பொருந்தாது) என்று போடச் சொல்லியிருக்கிறது. வாரியத்துக்கே 'இல்லை' என்ற பதில் போதும் என்றால் உங்கள் மென்பொருளுக்கு என்ன வந்தது? கடைக்காரர்களும் பழைய கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எங்களிடம் அது இருந்ததால்தான் எந்த எண் உண்மை, எந்த எண் இழுத்து வந்தது என்று பிரித்தெடுக்க முடிந்தது.

முதலாளி மண்டோர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மண்டோர் பாக்கி முழுவதையும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். உரம் இப்போது வேறு கடையில் வாங்குகிறார் என்று கேள்வி. அந்த 61 பேரையும் கடைக்கு வரும்போது ஒவ்வொருவராகக் கேட்டு, காரணத்தையும் சேர்த்து எழுதி வருகிறேன். நேற்றோடு 38 முடிந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பீடோங், கெடா.