தொட்டிக்காரர் விழுந்த கதை

சேரன்மகாதேவி பக்கம்
14.7.2025

அன்புள்ள பண்ணையாருக்கு,

மூணு மாசமா ஒரு வரி எழுதாத மூதின்னு திட்டிக்கிட்டு இருப்பீர். திட்டும். ஆனா கோபிச்சது முதல்ல நான்தான், அது உமக்குத் தெரியாது. சித்திரையில ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தீரே, அரசாங்கத்துக்கு வருகிற நூறு ரூபாயில நாற்பது ரூபாயை உங்க ஆளுகளே சம்பளமும் பென்ஷனுமாத் தின்னுட்டா மிச்சப்பேர் என்ன வே செய்யன்னு. அதைப் பார்த்ததும் போனைத் தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால வச்சுட்டேன்.

பிறகு பைய உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இந்த வருஷ பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3,31,000 கோடி. சம்பளம் 90,000 கோடி, பென்ஷன் 41,000 கோடி. கூட்டி வகுத்தால் நாற்பதுதான் வருது. முப்பத்திரண்டு வருஷம் பேரூராட்சியில் லெட்ஜர் எழுதினவன், லேத் பட்டறை நடத்துகிற உம்மகிட்ட கணக்கில் தோத்ததைத்தான் தாங்க முடியல.

வீட்டில் எல்லாரும் சுகம். வீட்டுக்காரிக்கு முட்டுவலி, அது நிரந்தரப் பணியிடம். நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்தாச்சு, நான் போகல. நம்ம ‘தந்தி’ப் பய கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டான். இப்ப பார்க்கிறவனையெல்லாம் ‘என்னவே, இம்புட்டுக் கிழடாயிட்டீரு’ங்கான். மகன் வழக்கம்போல. 2012-ல் அரசு வேலைக்குச் சேர்ந்த பாவத்துக்கு மாசாமாசம் பத்து சதவீதம் பிடிக்காங்க. 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவனுக்கு மாசப் பென்ஷன் கிடையாது, ரிட்டயர் ஆகும்போது போட்ட துட்டும் அரசு பங்கும் வட்டியும் மொத்தமா வரும், அம்புட்டுத்தான். அதுக்கும் ஒரு குழு போட்டிருக்காங்க. ‘அப்பாவுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, எனக்குக் கடைசியில் ஒரு செக்’ என்று சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொல்லுவான். நான் ரசம் வாங்கிக்கிட்டு எந்திரிச்சிருவேன். முன்கூட்டியே மொத்தத் துட்டா வாங்கிக்கிட்டு நான் விட்டுக்கொடுத்த (கம்யூட் பண்ணின) மூணில் ஒரு பங்கு பென்ஷன் 2029-ல்தான் திரும்பி வரும். எண்பது தாண்டினால் இருபது சதவீதம் கூடுதல். எமன்கிட்டேயும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கணும்.

இப்ப சேதிக்கு வாரேன்.

மே 1 கிராம சபை. ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசிச்சு முடிக்கல, நம்ம கடைக்கார மச்சான் எந்திரிச்சுட்டார். வீட்டு வரி, அதுமேல பத்து சதவீதம் நூலக வரி, தண்ணிக்குத் தனியா துட்டு, எல்லாம் சம்பளத்துக்கே போனா ரோடு எதில் போடுவீரு என்று கேட்டுட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. தொழிலாளர் தினம் வே அன்னைக்கு!

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா. செயலர் கையிலிருந்த தாளை வாங்கி நானே உரக்க வாசிச்சேன். என் பென்ஷன் அதில் ஒரு வரிகூட இல்லை, அது கருவூலத்திலிருந்து வருது. அந்தத் தாளில் பெரிய தொகை கரண்டு பில், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும். அதுக்கே மாநில நிதிக்குழு மானியம் வந்தாத்தான் உண்டு. அடுத்தது பிளீச்சிங் பவுடர், பல்பு. கடைசியில், வாரியலும் தள்ளுவண்டியுமா கருக்கல்லயே கிளம்புகிற தூய்மைக் காவலர் பொம்பளைகளுக்கும், மோட்டார் போட்டு மேல்நிலைத் தண்ணித்தொட்டியைப் பார்த்துக்கிடுகிற தொட்டிக்காரருக்கும் தொகுப்பூதியம். அந்தத் தொகையை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சேன். மச்சான் கடையில் மூட்டை இறக்குகிற பையனுக்கு அதைவிடக் கூடுதல். மச்சான் உட்கார்ந்துட்டார். நான் ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தேன். நம்ம தொட்டிக்காரர் பின்னால சுவரில் சாய்ஞ்சு, சாரத்தில் சாவிக்கொத்தைத் துடைச்சுக்கிட்டு நின்னார். ஒண்ணும் பேசல.

ஜூன் 20, தொட்டி கழுவுகிற நாள். இரும்பு ஏணியில் மேலேயிருந்து நாலாவது படி துருப்பிடிச்சு இற்றுப்போய்க் கிடந்திருக்கு. பவுடர் வாளியோட மனுஷன் கீழே வந்துட்டார். தொடை எலும்பு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் கம்பி வச்சிருக்காங்க. நான் போனப்ப முகம் மஞ்சளா இருந்தது. ‘சார், காலையில மோட்டாரை யாரு போட்டா?’ன்னு கேட்டார். அவர் மகன் போட்டான். சம்பளம் இல்லாமல்.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே. தாமிரபரணி எங்க உறைகிணத்து மோட்டார் ரூமுக்குள்ள நுழையுது, இந்த ஆள் ஸ்டார்ட்டரைக் கழட்டித் தலையில் வச்சுக்கிட்டு கழுத்தளவுத் தண்ணியில் வந்தார். கரண்டு வந்த அன்னைக்கே எங்க தெருக்குழாயில் தண்ணி வந்தது அதனாலதான். நான் அன்னைக்கு மாடியில் உட்கார்ந்து டி.வி.க்கு பேட்டரி தேடிக்கிட்டிருந்தேன்.

இருபத்தாறு வருஷ வேலை வே. படுக்கையில் கிடக்கிற மாசத்துக்குச் சம்பளம் உண்டான்னு கேட்டேன். அதுக்கு விதியில் இடம் எங்கேன்னு தேடுறாங்க. எனக்கு முட்டு வீங்கினப்ப மெடிக்கல் லீவில் நாற்பது நாள் படுத்துக்கிடந்து முழுச் சம்பளம் வாங்கினவன் நான். 2003 ஜூலை ஸ்ட்ரைக்கில் ஒரே உத்தரவில் லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட என்னையும் வெளியே தள்ளினப்ப, ‘அரசாங்க மாப்பிள்ளைக்கு விடாயாத்தி’ன்னு எழுதி மணியார்டரில் ரெண்டாயிரம் அனுப்பினீர். அப்ப நாங்க கோஷம் போட்டது பென்ஷனில் கை வைக்காதேன்னு. அதே ஆபீஸ் வாசலில் வாரியலோட நின்னவங்களை ஸ்ட்ரைக்குக்கு வாரீரான்னு ஒருத்தனும் கூப்பிடல. நானும் கூப்பிடல. அது இத்தனை வருஷம் கழிச்சு இப்ப உறுத்துது.

ஆகையால் உம்ம நாற்பது ரூபாய்க் கணக்கை ஒத்துக்கிடுதேன். பென்ஷனைக் குறைங்கன்னு சொல்ல மாட்டேன், என் வாயால் வராது. ஆனா செலவு கூடிப்போச்சுன்னு கிளம்புகிற கத்தி எங்க பக்கம் வரவே வராது. எங்களுக்குச் சங்கம் இருக்கு, கோர்ட் இருக்கு, ஓட்டு இருக்கு. அது ஏணியில் நிக்கிற ஆள்கிட்டத்தான் போகும். ‘வரிப்பணம், வரிப்பணம்’னு கத்துகிற உம்ம கட்சிக்காரரும் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

போன திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மனு எழுதுகிறதில் என்னை அடிச்சுக்க ஆளில்ல. நாலு பக்கம், ஆறு இணைப்பு. ரசீது வாங்கியாச்சு. என் ஒரு மாசப் பென்ஷனில் பாதியை தொட்டிக்காரர் வீட்டில் கொடுத்தேன், என் வீட்டுக்காரிக்குத் தெரியாமல். கடைக்கார மச்சான் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார், எனக்குத் தெரியாமல்.

இனி உம்ம சோலி. உறுப்பினர்கள்கிட்டப் பேசி ஏணியை மாத்தச் சம்மதம் வாங்கிட்டேன். சுத்திக் கூண்டு வச்சு, பாதியில் நிக்க ஒரு தட்டோட, துருப்பிடிக்காத மாதிரி செய்யணும். தரையிலிருந்து நாற்பது அடி. உம்ம பட்டறை பேரில் ஒரு கொட்டேஷன் அனுப்பும், லாபம் வைக்காமல். மூணு கொட்டேஷன் வேணும்னு செயலர் நிக்கார். மத்த ரெண்டையும் நீரே வேற வேற கையெழுத்தில் எழுதி அனுப்பிராதேயும், 1988-ல் பட்டது போதும்.

தொட்டித் தூணில் ‘சுத்தம் செய்த நாள்’னு எழுதுவாங்கல்ல, அதில் இன்னும் ஜூன் 5-ன்னே கிடக்கு.

இப்படிக்கு,
உம்ம குமாஸ்தா